முச்சலிக்கை இல்லாமல் கிஸ்தி கேட்கக்கூடாது

சிட்னியில் நான் பார்ப்பது பில்லிங் மென்பொருள் வேலை. சுருக்கமாகச் சொன்னால் இவ்வளவுதான்: வாடிக்கையாளருக்கு ஒரு ப்ரபோசல் போகும். என்ன வேலை, என்ன விலை, எப்போது பணம் என்று அதில் இருக்கும். அவர் "சரி" என்று ஒரு பொத்தானை அமுக்கினால் அது இன்வாய்ஸாக மாறிவிடும். மாதாமாதம் செய்கிற வேலை என்றால் இன்னொரு டிக். அதற்குப் பிறகு யாரும் எதையும் தொடவேண்டாம், ஒன்றாம் தேதி ஆனால் பில் தானாகப் போய்க்கொண்டே இருக்கும். ஊரில் பெரியவர்கள் யாராவது "என்னப்பா வேலை?" என்று கேட்டால், "கணக்குப்பிள்ளை வேலைதாங்க, கம்ப்யூட்டர்ல" என்று சொல்லித் தப்பித்துக்கொள்வேன் :-)

தமாஷுக்குச் சொல்ல ஆரம்பித்ததுதான். ஆனால் எங்கள் பக்கத்து நிலவரி வரலாற்றைக் கொஞ்சம் படித்துப் பார்த்தால், இந்த வேலையை அங்கே 200 வருஷத்துக்கு முன்பே செய்துகொண்டிருந்திருக்கிறார்கள். ப்ரபோசலுக்கு ஒரு பெயர், சம்மதத்துக்கு ஒரு பெயர், தவணைக்கு ஒரு பெயர், வேண்டாம் என்று விலகுவதற்கு ஒரு பெயர். அதைத்தான் இந்தப் பதிவில் எழுதப்போகிறேன். கொஞ்சம் நீளம், காப்பியோடு உட்காருங்கள்.

எங்கள் ஊர் எங்கே?

ராமகுப்பம் ஆந்திராவில், சித்தூர் மாவட்டத்தில், குப்பத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. வரைபடத்தில் ஆந்திரா, தமிழ்நாடு, கர்நாடகா மூன்றும் முட்டிக்கொள்ளும் மூலை. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, சந்தையில் இரண்டும் கலந்து, கொஞ்சம் கன்னடமும். மலையிறங்கினால் வாணியம்பாடி. பஸ்ஸில் போகும்போது மாநிலம் மாறுவது கடைப் பலகைகளைப் பார்த்தால்தான் தெரியும்.

அந்தக் காலத்தில் இந்த எல்லையே கிடையாது. எல்லாம் சென்னை மாகாணம். சித்தூர் வட ஆர்க்காடு ஜில்லாவின் தலைநகராக இருந்த ஊர். 1911ல்தான் சித்தூர் தனி ஜில்லா ஆனது. 1953 அக்டோபர் 1ல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது நாங்கள் அந்தப் பக்கம் போனோம். 1960ல் திருத்தணி தமிழ்நாட்டுக்கு வந்தது.

மாநில எல்லை இல்லையே தவிர, வேறொரு எல்லை இருந்தது. மலைக்குக் கீழே ஒரு பில்லிங் முறை, மேலே இன்னொன்று. கீழே பாராமகால், அதாவது கிருஷ்ணகிரி, வாணியம்பாடி, திருப்பத்தூர் சீமை. அங்கே சர்க்காருக்கும் குடியானவனுக்கும் நேரடிக் கணக்கு. மேலே பாளையக்காரர்களும் ஜமீன்களும். குப்பம் பக்கத்தில் கங்குந்தி ஜமீன், அதற்கு வடக்கே புங்கனூர் ஜமீன். அங்கே குடியானவனுக்கும் சர்க்காருக்கும் நடுவில் ஒரு ஆள்.

மலைக்குக் கீழே: நேரடி பில்

1792ல் திப்பு சுல்தான் ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கையில் பாராமகாலைக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். அதை நிர்வகிக்க வந்தவர் கேப்டன் அலெக்ஸாண்டர் ரீட். அவருக்கு உதவியாக வந்த ராணுவ அதிகாரிகளில் ஒருவர் தாமஸ் மன்றோ. சென்னை மவுண்ட் ரோட்டில் சேணமில்லாக் குதிரையில் உட்கார்ந்திருக்கிறாரே, அவரேதான். பிற்பாடு, 1820 முதல் 1827 வரை, சென்னை கவர்னராக இருந்தவர்.

ரீட் வயல் வயலாக அளக்கவைத்தார். முதலில் சில வருஷங்களுக்குக் குத்தகை மாதிரி நிலவரியை நிர்ணயிக்கத்தான் நினைத்தார்கள். ஆனால் மழை ஒரு வருஷம் பெய்தால் ஒரு வருஷம் பெய்யாத சீமையில், பல வருஷத்துக்கு வாக்குக் கொடுக்கக் குடியானவன் தயங்கினான். 1796ல் ரீட் ஒரு அறிவிப்பு விட்டார். நிலத்துக்கு வரி நிலையானது. ஆனால் வருஷ ஆரம்பத்தில் வேண்டிய நிலத்தை எடுத்துக்கொள்ளலாம், வேண்டாததை விட்டுவிடலாம். இதிலிருந்து வளர்ந்ததுதான் ரயத்துவாரி. இன்றைய பாஷையில், விலை மாறாது, வருஷா வருஷம் புதுப்பித்துக்கொள், வேண்டாமென்றால் விலகிக்கொள்.

பின்னாளில் இது முழு வடிவம் எடுத்தபோது வரிசை இப்படி இருந்தது:

தர்காஸ்து. தரிசு நிலம் ஒன்றைப் பயிர் செய்ய விரும்புகிறவன் தாசில்தாருக்குக் கொடுக்கும் மனு. பாரசீகச் சொல், வேண்டுகோள் என்று அர்த்தம். கிராமத்தில் தெரியப்படுத்தி, ஆட்சேபணை இருக்கிறதா என்று விசாரித்து உத்தரவாகும்.

பட்டா. தர்காஸ்து ஒப்புக்கொள்ளப்பட்டால் அந்த நிலம் அவன் பட்டாவில் ஏறும். எந்த நிலம், எவ்வளவு பரப்பு, எவ்வளவு தீர்வை என்று எழுதின தாள். பட்டா என்றதும் நாமெல்லாம் சொத்துப் பத்திரம் என்று நினைக்கிறோம். அது பிறந்தது வரிக்கணக்கில்.

ஜமாபந்தி. வருஷத்துக்கு ஒருமுறை தாலுகா முழுதும் கணக்கைப் புரட்டி, யார் பேரில் எவ்வளவு என்று முடிவு கட்டும் வேலை. எங்கள் ஆபீசில் மாதக் கடைசியில் நடக்கும் பில்லிங் ஓட்டம் இதேதான். தமிழ்நாட்டில் இன்றும் வருஷா வருஷம் ஜமாபந்தி நடக்கிறது.

கிஸ்தி. தவணை. மொத்தத் தீர்வையை ஒரே தடவையில் கேட்காமல், அறுவடையை ஒட்டி மாதத் தவணைகளாகப் பிரித்தது. அரபுச் சொல்.

ரசீது. இதுவும் பாரசீகம். வந்து சேர்ந்தது என்று பொருள்.

இதற்கெல்லாம் ஆதாரம் கிராமக் கர்ணம் எழுதும் சிட்டாவும் அடங்கலும். எந்த வயலில் என்ன பயிர் என்பது அடங்கல், யார் பேரில் என்னென்ன நிலம் என்பது சிட்டா. முதலாவது, செய்த வேலையின் கணக்கு. இரண்டாவது, வாடிக்கையாளர் ஏடு. என் மென்பொருளிலும் இந்த இரண்டு பட்டியலிலிருந்துதான் பில் பிறக்கிறது.

இன்னொரு ஒற்றுமை. வருவாய்த்துறை வருஷத்துக்குப் பசலி என்று பெயர். அக்பர் காலத்து அறுவடை ஆண்டுக் கணக்கு. சென்னை மாகாணத்தில் முதலில் ஆடி மாதத்தை ஒட்டி இருந்தது, 1855ல் ஜூலை 1 என்று ஆக்கினார்கள். ஆஸ்திரேலியாவில் நிதியாண்டு தொடங்குவதும் ஜூலை 1! இங்கே எல்லாரும் வரிக்கணக்குக்கு ஓடும் நாளில் ஊரில் பசலி மாறுகிறது. 2024 ஜூலையில் பிறந்தது பசலி 1434. ஆங்கில வருஷத்திலிருந்து 590ஐக் கழித்தால் போதும், ஜூலைக்கு அப்புறமாக இருந்தால்.

"விலகலாம்" என்று தாளில் இருந்தது

இவ்வளவு அழகாகச் சொன்னால், ரயத்துவாரி ராமராஜ்யம் என்று நினைத்துவிடுவீர்கள். அப்படியில்லை. தாளில் எழுதியிருக்கும் உரிமை வேறு, தண்டல்காரன் வாசலில் நிற்கும்போது இருக்கும் உரிமை வேறு.

நிலவரி வசூலில் சித்திரவதை நடக்கிறது என்ற புகார் லண்டன் பாராளுமன்றம் வரை போய், 1854ல் சென்னையில் ஒரு விசாரணைக் கமிஷன் போட்டார்கள். எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் என்று மூன்று பேர். 1855ல் அறிக்கை வந்தது. வரி பாக்கிக்காகக் குடியானவர்களை வெயிலில் நிறுத்துவது, முதுகில் கல் ஏற்றுவது, குனியவைத்துக் கட்டிப்போடுவது, கிட்டி போட்டு விரலை நெரிப்பது எல்லாம் அதில் பதிவாகியிருக்கிறது. சில ரூபாய்களுக்காக, சில சமயம் அணாக்களுக்காக.

அந்த அறிக்கையைப் பற்றிப் படிக்கும்போது எனக்கு உறைத்தது இதுதான்: தொடர்ந்து வரும் பில்லில் ஆபத்து தொகையில் இல்லை. ஒருமுறை சொன்ன "சரி"யை வைத்து எத்தனை வருஷம், எவ்வளவு தூரம் கேட்கலாம் என்பதில்தான் இருக்கிறது.

மலைக்கு மேலே: நடுவில் ஒரு ஆள்

இப்போது ஜமீன் பக்கம் வருவோம். 1802ல் சென்னை மாகாணத்தில் நிரந்தர நிலவரித் திட்டத்துக்கான சட்டங்கள் வந்தன. அதன்படி ஜமீன்தாருக்குச் சர்க்கார் கொடுக்கும் தாள் சன்னது. ஜமீன்தார் பதிலுக்கு எழுதிக்கொடுப்பது கபூலியத், அதாவது சம்மதப் பத்திரம். தொகைக்குப் பேஷ்குஷ் என்று பெயர். அது என்றென்றைக்கும் மாறாது. ப்ரபோசல், சம்மதம், தொடர் பில், அதுவும் விலை ஏறாத உத்தரவாதத்தோடு! இப்படி ஒரு ஒப்பந்தம் எந்த வாடிக்கையாளருக்குக் கிடைக்கும்?

ஆனால் அந்த உத்தரவாதம் ஜமீன்தாரோடு நின்றுவிட்டது. அவருக்குக் கீழே உழுகிறவனுக்கு விலை நிலையாக இருக்கவில்லை. அவனுக்கென்று அதே 1802ல் 30வது ரெகுலேஷன் ஒன்று வந்தது. ஜமீன்தார் குடியானவனுக்குப் பட்டா கொடுக்கவேண்டும், குடியானவன் பதிலுக்கு முச்சலிக்கை எழுதிக்கொடுக்கவேண்டும். முச்சலிக்கை துருக்கி வழியாக வந்த சொல். "இந்தப் பட்டாவில் கண்டபடி நான் ஒப்புக்கொள்கிறேன்" என்ற எதிர்த்தாள். ஒன்று இவன் கையில், ஒன்று அவர் கையில்.

இதற்கு முழுப் பல் முளைத்தது 1865ல், 8வது சட்டத்தில். பட்டாவில் என்னென்ன இருக்கவேண்டும் என்று அது சொன்னது: நிலம் எங்கே, எவ்வளவு பரப்பு, வாரம் எவ்வளவு, பணமா தானியமா, எப்போது, எந்த விதத்தில் கட்டவேண்டும். நான் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு ப்ரபோசலில் எதையெல்லாம் விடக்கூடாது என்று சொல்லிக்கொடுக்கும் பட்டியல் கிட்டத்தட்ட இதே வரிசை.

அந்தச் சட்டத்தின் 7வது பிரிவுதான் இந்தப் பதிவுக்குத் தலைப்புக் கொடுத்தது. பட்டாவும் முச்சலிக்கையும் மாற்றிக்கொள்ளப்பட்டிருக்கவேண்டும். அல்லது, சட்டப்படி ஏற்கத்தக்க பட்டாவை ஜமீன்தார் கொடுக்க முன்வந்ததாவது நிரூபிக்கப்படவேண்டும். அல்லது, தாளே வேண்டாம் என்று இரண்டு பேரும் ஒத்துக்கொண்டிருக்கவேண்டும். மூன்றும் இல்லையென்றால் வாரம் கேட்டு வழக்கு நிற்காது. ஏழைக் குடியானவன் கையில் இருந்த ஒரே ஆயுதம் இந்த வாசகம்.

அதனால் சண்டை வேறு இடத்துக்கு மாறியது. பட்டாவுக்குள் என்ன எழுதுவது என்பதில். வாரத்தோடு கூடவே அந்த வரி, இந்த மாமூல் என்று சேர்த்து எழுதிப் பட்டாவை நீட்டுவார்கள். வாங்கினால் எல்லாவற்றுக்கும் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். குடியானவன் வாங்கமாட்டான். ஜமீன் தரப்பு "பட்டாவை ஏற்கச் சொல்லுங்கள்" என்று கலெக்டரிடம் போகும். கலெக்டர் நீட்டிய பட்டா சரியா, இல்லையென்றால் எப்படி இருக்கவேண்டும் என்று முடிவு செய்வார். குடியானவனும் "எனக்குப் பட்டா கொடுக்கச் சொல்லுங்கள்" என்று போகலாம். பட்டாவை வாங்க மறுத்த அந்தக் கை, இன்று 40 பக்க நிபந்தனைகளுக்கு அடியில் இருக்கும் "ஐ அக்ரீ" பொத்தானை அமுக்காமல் நிற்கிற விரல். நம்மில் எத்தனை பேர் அப்படி நின்றிருக்கிறோம்? நான் உள்பட, ஹி ஹி.

பேசாமல் கட்டினால்?

அதே 1865 சட்டத்தில் இன்னொரு வாசகமும் உண்டு. வாரம் எவ்வளவு என்று தகராறு வந்தால் வெளிப்படையான ஒப்பந்தத்தையும் பார்க்கலாம், உட்கிடையான ஒப்பந்தத்தையும் பார்க்கலாம். உட்கிடை என்றால்? பல வருஷமாக ஒரே விகிதத்தில் பேசாமல் கட்டிக்கொண்டு வந்திருந்தால், அதுவே ஒப்புக்கொண்டதற்கு அடையாளம் என்று கோர்ட்டுகள் எடுத்துக்கொள்ள இடம் இருந்தது. பயந்து கட்டினானா, தெரியாமல் கட்டினானா, மனமொப்பிக் கட்டினானா, தாளைப் பார்த்து எப்படிச் சொல்வது?

என் வேலையில் இந்தப் பிரச்சனை அடிக்கடி வரும். ஒரு சின்ன நிறுவனம், 3 வருஷ ஒப்பந்தம் முடிந்த பிறகும் பராமரிப்பு பில் மாதாமாதம் ஓடிக்கொண்டே இருந்தது. நடுவில் விலையும் கொஞ்சம் ஏறியிருந்தது. அவர்கள் பார்க்காமல் கட்டிக்கொண்டே இருந்தார்கள். கணக்காளர் மாறியபோதுதான் "இதற்கு யார் சரி சொன்னது?" என்ற கேள்வி வந்தது. அனுப்பியவர் பதில்: "இத்தனை மாசம் கட்டினீங்களே!" அசல் முச்சலிக்கையில் இருந்தது பழைய விலை. புது விலைக்குச் சம்மதம் என்று ஒரு தாளும் இல்லை. கடைசியில் பழைய விலைக்குத் திருத்தி, வித்தியாசத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். 1865ஐ யாரும் அங்கே படித்திருக்கவில்லை, ஆனால் வாதம் அச்சு அசல் அதே வாதம்.

1908: தானாகப் புதுப்பிக்கும் பட்டா

1908ல் சென்னை எஸ்டேட் நிலச் சட்டம் வந்தது. ஜமீன் நிலத்தில் உழும் ரயத்துக்கு நிலத்தில் நிலையான பாத்தியதையைச் சட்டம் ஒப்புக்கொண்டது. பில்லிங் ஆள் கண்ணோடு பார்த்தால் அதில் இரண்டு விஷயம் பளிச்சென்று தெரியும்.

ஒன்று, வருஷா வருஷம் புதுப் பட்டா கொடுக்கவேண்டியதில்லை. ஒரு பசலிக்கு மாற்றிக்கொண்ட பட்டாவும் முச்சலிக்கையும், அடுத்த புதுப் பட்டா மாற்றிக்கொள்ளும் பசலி வரை செல்லும். ஆட்டோ ரினியூவல்! ஆனால் பழைய நிபந்தனையில்தான் புதுப்பித்துக்கொள்ளும்.

இரண்டு, விலையை ஜமீன்தார் தன் இஷ்டத்துக்கு ஏற்றமுடியாது. தானிய விலை ஏறியது என்பது போன்ற காரணத்தைக் காட்டிக் கலெக்டர் முன்னால் வழக்குப் போடவேண்டும். விலைவாசியைக் காரணம் காட்டி ஏற்றினால் ரூபாய்க்கு 2 அணாவுக்கு மேல் போகக்கூடாது. அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை. 1908ல் எழுதியது. இன்றைக்கு வரும் சந்தா விலையேற்ற மெயில்களைப் பார்க்கும்போது அந்த 2 அணாவை நினைத்துக்கொள்கிறேன்.

சட்டம் இருந்தும் ஜமீன் கிராமங்களில் குறை தீரவில்லை. 1937ல் ராஜாஜி மந்திரிசபை வந்தபோது வருவாய் மந்திரி த. பிரகாசம் தலைமையில் ஒரு கமிட்டி போட்டு ஜமீன் பகுதிகளில் விசாரித்தார்கள். 1938ல் வந்த அதன் அறிக்கை, 1802க்கு முந்தைய வாரமே நியாயமான வாரம் என்ற பக்கம் நின்றது. சர்க்கார் ஜமீன்தாருக்குக் கொடுத்த "விலை மாறாது" என்ற வாக்கு உழுகிறவனுக்கும் சேர்த்துத்தான் என்பது அதன் சாரம். அந்த மந்திரிசபை 1939ல் விலகியதால் அது சட்டமாகவில்லை. கடைசியில் 1948ல் எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் வந்து, ஜமீன்கள் ரயத்துவாரியாக மாறின. மலைக்கு மேலேயும் கீழேயும் ஒரே கணக்கு.

அப்போது ரயத்துவாரிப் பட்டா வாங்க, "இது என் அனுபவத்தில் இருந்த நிலம்" என்று காட்டவேண்டியிருந்தது. பழைய பட்டாவும் முச்சலிக்கையும் கிஸ்தி கட்டின ரசீதும் வைத்திருந்தவன் பிழைத்தான். வாய்வார்த்தையாகக் கட்டி, ரசீது வாங்காமல் வந்தவன் சாட்சிக்கு ஆள் தேடி அலைந்தான். பில் கட்டியதற்கு அடையாளமான துண்டுத்தாள் நிலத்துக்கே ஆதாரமானது.

அப்புறம் நடந்தது தெரிந்த கதை. பரம்பரைக் கிராம அதிகாரிகள் பதவி தமிழ்நாட்டில் 1980ல் எம்.ஜி.ஆர். காலத்தில் போனது. எங்கள் பக்கம் 1984ல் என்.டி.ஆர். காலத்தில் கர்ணம் போனார். பரம்பரை ஆதிக்கம் போனது நல்லதுதான். ஆனால் எந்தத் தாள் எந்தப் பெட்டியில் என்று தெரிந்திருந்த ஞாபகமும் கூடவே போனது.

நமக்கு இதில் என்ன?

வெளிநாட்டில் இருக்கும் நமக்கு இரண்டு பக்கமும் தொடர் பில்கள். இங்கே ஃபோன், இன்ஷூரன்ஸ், குழந்தைகளின் நீச்சல் வகுப்பு. ஊரில் அப்பா அம்மா வீட்டுக்கு இன்டர்நெட், டிவி, மருத்துவக் காப்பீடு. பாதிக்கு மேல் நம் கார்டில் தானாகப் போகிறது. இந்தியாவில் ரிசர்வ் வங்கி 2021 அக்டோபர் 1 முதல் ஒரு விதி கொண்டுவந்தது. கார்டில் தானாகப் பிடிக்கும் தொகைக்கு முதலில் முறையான சம்மதம் பதிவாகவேண்டும், ஒவ்வொரு முறையும் பிடிப்பதற்கு 24 மணி நேரம் முன்பாவது தகவல் வரவேண்டும், அதிலிருந்து விலகிக்கொள்ள வழியும் இருக்கவேண்டும். அந்த மாதத்தில் பலருடைய தானியங்கிக் கட்டணங்கள் தடைப்பட்டு, எல்லாரும் திட்டினார்கள். எனக்கென்னவோ அது 1865ன் 7வது பிரிவு புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்த மாதிரி இருந்தது.

சொந்தமாகத் தொழில் செய்கிற நண்பர்களுக்குச் சொல்வேன்: ஒப்புக்கொண்ட ப்ரபோசலில் இருந்த வரிகள் மட்டும்தான் இன்வாய்ஸில் வரவேண்டும். வேலை கூடினால் புதுத்தாள், புதுச் சம்மதம். தொடர் பில் என்றால் எதுவரை, எப்படி நிறுத்துவது என்பது முதல் தாளிலேயே இருக்கட்டும். விலை ஏறினால் முன்கூட்டிக் கேளுங்கள். பேசாமல் கட்டுகிறார்கள் என்பதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கட்டுகிற பக்கம் இருக்கும்போது, வருஷத்துக்கு ஒருநாள், ஜூலை 1ஐயே வைத்துக்கொள்ளுங்களேன், வீட்டு ஜமாபந்தி ஒன்று நடத்துங்கள். எதற்கு யார் எப்போது சரி சொன்னோம் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

ஊரில் நிலம் இருப்பவர்களுக்கு ஒன்று கூடுதலாக. அடுத்த தடவை வீட்டுக்கு ஃபோன் பண்ணும்போது, நிலத்துப் பட்டா இப்போது யார் பேரில் இருக்கிறது, கடைசி ரசீது எந்தப் பசலிக்கு என்று கேட்டு வையுங்கள். பெரியவர்கள் இருக்கும்போதே கேட்கவேண்டிய கேள்வி.

பி.கு.: விலகுவதற்கும் ஒரு பெயர் உண்டு என்று ஆரம்பத்தில் சொன்னேன் இல்லையா? பம்பாய் மாகாணத்து ரயத்துவாரியில், நிலம் வேண்டாம் என்று குடியானவன் எழுதிக்கொடுக்கும் தாளுக்கு ராஜிநாமா என்று பெயர். மந்திரி, மேனேஜர் எல்லாம் வேலையை விடும்போது கொடுக்கிறார்களே, அதே சொல்தான்.